படகை நீரில் இறக்குவதற்கு முன்: மெரினா வசதிகளையும் அணுகலையும் மதிப்பிடுவது எப்படி?

ஓர் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ படகு நிறுத்த இடம் போதவில்லை என்ற குறை எழுந்ததும், இன்னும் நூறு படகுகளுக்கு இடம் கட்டிவிடலாம் என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வரும். ஆனால் குறை சொன்னவர்களிடம் சற்று நின்று பேசினால் வேறு வேறு காரணங்கள் வெளிப்படும். ஒருவருக்கு டிரெய்லரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இன்னொருவரின் படகு, கடல் வற்றும் நேரத்தில் தரைதட்டிவிடுகிறது. மூன்றாமவர் சக்கர நாற்காலியில் வருகிறார்; கரை விளிம்புவரை அவரால் வர முடிகிறது, அங்கிருந்து மிதவை மேடைக்கு இறங்கும் பாலமோ ஏணியைப்போல் சாய்ந்து நிற்கிறது. புதிதாக நூறு இடங்கள் கட்டினாலும் இந்த மூவரில் ஒருவருக்கும் பயன் இல்லை. பொழுதுபோக்குப் படகு வசதிகளை மதிப்பிடுவது என்பது, ஒரே குறையைப் போலத் தோன்றும் இந்த மூன்றையும் பிரித்தறிந்து, எதற்கு எது தீர்வு என்று காணும் வேலையாகும்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் மெரினா என்றதும் மணற்பரப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் அச்சொல், பாய்மரப் படகுகளையும் சிறு விசைப்படகுகளையும் வரிசையாகக் கட்டி நிறுத்துவதற்காக அலையிலிருந்து காக்கப்பட்ட துறையைக் குறிக்கிறது. அங்கே ஒரு படகுக்கு ஒதுக்கப்படும் இடத்தை நிறுத்திடம் என்போம். நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது மிதவை மேடை. கரையையும் அதையும் சேர்ப்பது இணைப்புப் பாலம். காருக்குப் பின்னால் டிரெய்லரில் கொண்டுவரும் படகை நீரில் இறக்க உதவும் கான்கிரீட் சரிவுக்குச் சாய்தளம் என்று பெயர். கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது ஓதம். எல்லாப் படகுகளும் மெரினாவில் தங்குவதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும் படகுகளும், காரின் கூரையில் கட்டிவரும் கயாக் எனும் குறுகிய துடுப்புப் படகுகளும், மெரினாவின் பதிவேட்டில் ஒரு வரிகூட இடம்பெறாமல் நீருக்கு வந்து போகின்றன.

வீட்டிலிருந்து திறந்த நீர்ப்பரப்புக்குச் செல்பவர் சாலை, வாகன நிறுத்தம், சாய்தளம் அல்லது இணைப்புப் பாலம், நிறுத்திடம், உள் நீர்வழி, நுழைவாயில் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாய்க்காலில் எவ்வளவு நீர் பாயும் என்பதை அதன் மிகக் குறுகிய மடை தீர்மானிப்பதுபோல, ஒரு துறையை எத்தனை பேர் பயன்படுத்த முடியும் என்பதை இவற்றுள் மிகக் குறுகிய இடமே தீர்மானிக்கிறது. அந்த இடம் எது என்று தெரியாமல் மற்றோர் இடத்தை அகலப்படுத்தினால் பணம்தான் செலவாகும்.

இருப்பதைக் கணக்கெடுத்தல்

மதிப்பீட்டின் முதல் வேலை, இப்போது என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுப்பது. இதில் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு மெரினாவில் 200 நிறுத்திடங்கள் உள்ளன என்ற தகவல், அவற்றின் நீளம், அகலம், ஆழம் ஆகியவை தெரியாதவரை, ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் 7, 8 மீட்டர் படகுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட துறைகளில் இன்று 12 மீட்டர் படகுக்கு இடம் கேட்டு வருகிறார்கள். சிறிய நிறுத்திடங்கள் காலியாகக் கிடக்கும்போதே பெரியவற்றுக்கு நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம். மொத்தச் சராசரியைப் பார்த்தால் துறை ஓரளவு நிரம்பியிருப்பதாகத்தான் தோன்றும். ஆகவே நிரம்பிய விழுக்காட்டை நீள வகைவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மேடை வரிசைகளுக்கு நடுவிலுள்ள நீர்வழியையும் அளக்க வேண்டும். அங்கே நிற்கும் மிக நீளமான படகின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது அகலம் இருக்க வேண்டும், 1.75 மடங்கு இருந்தால் நல்லது என்பது வடிவமைப்பாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. 8 மீட்டர் படகுகளுக்கென 12 மீட்டர் அகலத்தில் விட்ட வழியில் 12 மீட்டர் படகு திரும்ப முடியாது. பழைய மேடைகளை நீட்டிப் பெரிய படகுகளுக்குத் தந்துவிடலாம் என்ற எளிய யோசனை பல இடங்களில் தடைபடுவதற்கு இதுவே காரணம். மேடையை நீட்டினால் வழி குறுகிவிடும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. படகுத்துறையில் அது நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. நடுத்தரப் பாய்மரப் படகொன்றின் அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே 1.5 முதல் 2.5 மீட்டர் வரை இறங்கியிருக்கும். விசைப்படகுகளுக்குப் பொதுவாக ஒரு மீட்டர் ஆழமே போதும். ஆழத்தை எப்போது அளந்தார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் மட்டத்திலிருந்து கணக்கிட்ட ஆழமே நம்பத்தக்கது. வண்டல் படியும் துறைகளில் பழைய அளவீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது.

ஆழத்தோடு நேரமும் சேரும்போதுதான் அணுகல் என்ற சொல்லுக்கு முழுப்பொருள் கிடைக்கிறது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓத நாள்களில் சுமார் 12 மீட்டர் வரை போகும். அங்கே செயின்ட் ஹெலியர் மெரினாவின் வாயிலில் தாழ்வான தடுப்பொன்று உள்ளது. கடல் வற்றும்போதும் உள்ளே படகுகள் மிதக்கும் அளவுக்கு நீர் நிற்பதற்காக அதை அமைத்திருக்கிறார்கள். படகுகள் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரமே உள்ளே வரவோ வெளியே போகவோ முடியும். இத்தகைய துறையை மதிப்பிடுபவர், எத்தனை நிறுத்திடங்கள் என்பதோடு, ஒரு நாளின் பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் வழி திறந்திருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் வரும் ஒருவருக்கு, சனிக்கிழமை காலையில் மூடியிருக்கும் மெரினா இல்லாத மெரினாவே.

சாய்தளத்தில் ஒரு நாள்

என் கணிப்பில், மதிப்பீடுகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது சாய்தளம்தான். பார்வைக்கு அது வெறும் கான்கிரீட் சரிவு. அதன் சாய்வு 12 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது நல்லது என்ற வழக்கத்துக்குப் பின்னால் தெளிவான காரணம் உண்டு. சாய்வு இதைவிடக் குறைந்தால், டிரெய்லரிலிருந்து படகு மிதந்து எழும் ஆழத்தை எட்டுவதற்குள் காரின் பின்சக்கரங்களும் புகைக்குழாயும் நீருக்குள் போய்விடும். கூடினால், பாசி படிந்த ஈரக் கான்கிரீட்டில் காரின் சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்கும். ஆகையால்தான் நல்ல சாய்தளங்களின் மேற்பரப்பில் குறுக்காகவோ கோணமாகவோ ஆழமான வரிப்பள்ளங்கள் இடுகிறார்கள்.

சாய்வு தெரிந்தால் நீளம் தானாக வந்துவிடும். ஓத வேறுபாடு 2 மீட்டர் என்றும், தாழ் ஓதத்தின்போதும் சாய்தளத்தின் கீழ் முனையில் ஒரு மீட்டர் நீர் நிற்க வேண்டும் என்றும், மேல் முனை உயர் ஓதத்துக்கு அரை மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 3.5 மீட்டர், 14 விழுக்காட்டுச் சாய்வில் அதற்கு 25 மீட்டர் நீளம் தேவை. கீழ் முனை குட்டையாக இருந்தால், நீர் வற்றிய நேரத்தில் டிரெய்லரின் சக்கரம் கான்கிரீட்டின் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் விழுந்துவிடும். அதை மேலே இழுப்பதற்குள் பின்னால் ஒரு வரிசையே காத்து நிற்கும்.

இப்போது அந்த வரிசையைக் கணக்கிடுவோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உண்மையான மதிப்பீட்டில் இவற்றை இடத்தில் நின்று கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு தடம் மட்டுமுள்ள சாய்தளத்தில் படகை இறக்க 6 நிமிடம் ஆகிறது என்றால் ஒரு மணி நேரத்தில் 10 படகுகள் இறங்கும். காலையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வருவதால் 5 மணியிலிருந்து 9 மணிக்குள் 30 படகுகள் அதிக நெருக்கடி இல்லாமல் இறங்கிவிடும். மாலையில் நிலைமை வேறு. காற்று எழுந்ததும் அல்லது வெளிச்சம் குறைந்ததும் அந்த 30 படகுகளும் ஒன்றாகக் கரை திரும்புகின்றன; படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்ட 10 நிமிடம் ஆகிறது. மணிக்கு 6 படகுகள் என்றால் கடைசிப் படகு வெளியேற 5 மணி நேரம் ஆகும். ஆகவே சாய்தளத்தின் போதுமையைக் காலை நேரத்தில் சோதித்தால் விடை தவறாகவே வரும்.

இதற்குத் தீர்வாக உடனே நான்கு தடங்கள் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. சாய்தளத்தில் ஆகும் நேரத்தை உற்றுப் பார்த்தால், அதில் ஒரு பகுதி அங்கே நடக்கவே வேண்டாத வேலைகளுக்குப் போகிறது. காலையில் கட்டுப்பட்டைகளை அவிழ்ப்பது, மாலையில் அவற்றை இறுக்குவது, மீன்பிடிக் கருவிகளை ஏற்றுவது, படகின் பின்புற வடிகால் துளைக்கான அடைப்பானைத் தேடுவது, அதை மறந்துவிட்டு இறக்கிய படகில் நீர் ஏறுவதைக் கண்டு அவசரமாகத் திரும்ப மேலே இழுப்பது போன்றவை அவை. இவற்றைச் செய்துமுடிக்கச் சாய்தளத்துக்கு முன்பே ஓர் ஒதுக்கிடமும், படகைக் கட்டிவிட்டுக் காரை நிறுத்தவோ திரும்ப எடுத்துவரவோ போவதற்குச் சாய்தளத்தை ஒட்டி ஒரு சிறு மேடையும் இருந்தால், மாலையில் ஆகும் 10 நிமிடம் 7 நிமிடமாகக் குறையலாம். அப்போது இரண்டு தடங்களிலேயே 30 படகுகளும் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

ஒரு காரும் டிரெய்லரும் சேர்ந்து நிற்க ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் வேண்டும். இந்த அளவில் இடம் குறிக்கப்படாத வாகன நிறுத்தத்தில், காலை பத்து மணிக்குச் சாதாரணக் கார்கள் வந்து நின்றுவிட்டால், சாய்தளம் காலியாக இருந்தாலும் அன்றைய கணக்கு முடிந்தது. படகுகள் இடமின்றித் திரும்பிப் போவதற்கான காரணத்தைச் சாய்தளத்தில் தேடுபவர்கள் அதைப் பெரும்பாலும் வாகன நிறுத்தத்தின் வாசலில்தான் காண்பார்கள்.

கடலில் ஓதம் நாளுக்கு நாள் திரும்பி வருகிறது. அணைநீரில் அந்த உறுதியும் இல்லை. அமெரிக்காவில் ஹூவர் அணைக்குப் பின்னால் உள்ள மீட் ஏரியின் நீர்மட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்ததைவிட 2022 ஜூலையில் 50 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. 14 விழுக்காட்டுச் சாய்வில் 50 மீட்டர் இறங்க 350 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம் வேண்டும் என்பதை மேலே கண்ட கணக்கே சொல்லிவிடும். சாய்தளங்களை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் பெரும்பாலானவற்றை மூட வேண்டியதாயிற்று. மெரினாக்கள் தங்கள் மிதவை மேடைகளை இழுத்துக்கொண்டு வேறிடம் போயின. ஏரி, அணை இவற்றில் வசதியை மதிப்பிடுபவர் சராசரி நீர்மட்டத்தை நம்பினால் போதாது. தாழ்ந்த ஆண்டுகளின் பதிவையும் பார்த்தாக வேண்டும்.

தேவையை அறிவது

இன்னொரு மெரினா வேண்டுமா என்று படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் வேண்டும் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. கடந்த ஆண்டில் எத்தனை நாள் படகு எடுத்தீர்கள், எடுக்க நினைத்தும் எடுக்காத நாள்கள் உண்டா, ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. நேரமில்லை என்பவருக்கு மெரினாவால் உதவ முடியாது. வரிசையில் நிற்க மனமில்லை என்பவருக்கு உதவ முடியும்.

காத்திருப்புப் பட்டியல்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஆள் அருகிலுள்ள மூன்று மெரினாக்களிலும் பெயர் கொடுத்திருப்பார். மூன்று பட்டியல்களையும் கூட்டினால் அவர் மூவராகிவிடுவார். என்றாவது படகு வாங்கினால் பயன்படும் என்று பெயர் எழுதி வைத்தவர்களும் அதில் உண்டு. படகுப் பதிவேட்டில் இதற்கு எதிரான குறை இருக்கிறது. பல நாடுகளில் இயந்திரம் பொருத்திய படகுகளை மட்டுமே பதிய வேண்டியிருப்பதால், துடுப்புப் படகுகளும் கயாக்குகளும் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே பதிவேடு, பட்டியல், நேரில் எண்ணுதல் என மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே உண்மைக்கு அருகில் வருவார்.

நேரில் எண்ணுவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பருவத்தின் சாதாரண வாரநாள், சாதாரண வாரக் கடைசி, நீண்ட விடுமுறை நாள் என மூவகை நாள்களைத் தேர்ந்து, விடியற்காலை முதல் இருட்டும்வரை வந்த டிரெய்லர்களையும், நின்ற நேரத்தையும், இடமின்றித் திரும்பிப் போனவற்றையும் குறித்தாலே போதும். திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கைதான் மிக மதிப்புள்ளது. வேறெந்தப் பதிவேட்டிலும் அது இராது. எண்ணி முடித்தபின், ஆண்டிலேயே அதிக நெரிசலான நாளுக்கென்று வசதியை வடிவமைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மற்ற நாள்களில் பாதி இடம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அடிக்கடி வரும் நெரிசலான நாளொன்றை அளவுகோலாகக் கொண்டு, உச்ச நாளில் சிறிது காத்திருப்பை ஏற்றுக்கொள்வதே நடைமுறை.

பாலம் என்னும் குறுகிய மடை

முதுமை, முழங்கால் வலி, கைக்குழந்தை, கனமான பை, சக்கர நாற்காலி என எது இருந்தாலும் முதல் தடை இணைப்புப் பாலத்தில்தான் வருகிறது. பாலத்தின் ஒரு முனை கரையில் நிலையாக நிற்க, மறுமுனை மிதவை மேடையோடு இறங்குவதால், நீர் வற்ற வற்ற அது செங்குத்தாகிக்கொண்டே போகிறது. உயர் ஓதத்தின்போது வந்து பார்த்துவிட்டு எளிதில் அணுகலாம் என்று எழுதிவைப்பது, மதிப்பீட்டாளர்கள் செய்யும் பெரிய தவறுகளில் ஒன்று.

கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம். ஓத வேறுபாடு 3 மீட்டராக உள்ள துறையில் தாழ் ஓதத்தின்போதும் இதைக் கடைப்பிடிக்க 36 மீட்டர் நீளப் பாலம் வேண்டும். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலைகள் இந்த இக்கட்டை உணர்ந்து, பாலம் 80 அடி, அதாவது சுமார் 24 மீட்டர் நீளம் இருந்தால் சாய்வு அந்த அளவைத் தாண்டினாலும் ஏற்கின்றன. 25 நிறுத்திடங்களுக்கும் குறைவான சிறு துறைகளுக்கு 30 அடியே போதும் என்கின்றன. நம் எடுத்துக்காட்டுத் துறையில் 24 மீட்டர் பாலம் தாழ் ஓதத்தின்போது எட்டுக்கு ஒன்று என்ற சாய்வில் நிற்கும். விதிப்படி அது சரி. தனியாக வரும் ஒருவர் தன் கைவலுவால் அதில் ஏறிவர முடியுமா என்பது வேறு கேள்வி. விதி நிறைவேறியது என்பதையும், எந்த நேரங்களில் துணையின்றிப் பயன்படுத்தலாம் என்பதையும் அறிக்கையில் தனித்தனியாக எழுதுவதே நேர்மையான வழி.

அதே தரநிலைகள் 25 வரையிலான நிறுத்திடங்களுக்கு ஒன்று, 26 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 100 வரை மூன்று என்று அணுகத்தக்க நிறுத்திடங்களின் எண்ணிக்கையையும், அவற்றை ஒட்டி மேடையில் 60 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் தடையற்ற அகலத்தையும் கேட்கின்றன. அளவு நாடாவோடு போகிறவர் மேடையின் மொத்த அகலத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. கயிறு கட்டும் கொம்புகள், மின்கம்பம், சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய், யாரோ வைத்த பெட்டி இவையெல்லாம் போக மிஞ்சும் அகலமே சக்கர நாற்காலிக்கு உரியது. கயாக்கில் ஏறுபவருக்கோ மேடையின் உயரம்தான் சிக்கல். பெரிய படகுகளுக்கு ஏற்ற, நீருக்கு அரை மீட்டர் மேலே நிற்கும் மேடையிலிருந்து கயாக்கில் இறங்குவது, நாற்காலியிலிருந்து தரையிலுள்ள ஆடும் தட்டில் அமர்வதைப் போன்றது. அவர்களுக்குத் தாழ்வான தனி மேடையொன்று வேண்டும், செலவும் அதிகமாகாது.

அலையும் நீரோட்டமும்

துறைக்குள் அலை அடங்கியிருக்கிறதா என்பதை அமைதியான நாளில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. சிறு படகுத் துறைகளுக்கான ஆஸ்திரேலியத் தரநிலையைப் பின்பற்றினால், ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய அலை, படகின் முன்புறமிருந்து வந்தால் சுமார் 0.3 மீட்டரையும், பக்கவாட்டில் வந்தால் அதில் பாதியையும் தாண்டாமல் இருந்தால்தான் அந்தத் துறை நல்ல நிலையில் உள்ளது எனலாம். பக்கவாட்டு அலைக்கு இவ்வளவு கடுமை ஏனென்றால், அதுதான் படகை உருட்டி மேடையில் மோதவைக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள மெரினா டெல் ரே இதற்குப் புகழ்பெற்ற பாடம். ஆயிரக்கணக்கான படகுகளுக்காகத் திட்டமிடப்பட்ட அந்தத் துறையில் 1962–63 குளிர்காலப் புயல்களின்போது கடலலை நுழைவாயில் வழியாக நேரே உள்ளே புகுந்து படகுகளையும் மேடைகளையும் சேதப்படுத்தியது. பின்னர் மாதிரி அமைத்து ஆய்வு செய்து, வாயிலுக்கு எதிரே கடலில் தனியாக ஓர் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள்; 1965இல்தான் துறை முறைப்படி திறக்கப்பட்டது. நிறுத்திடங்களில் குறை ஒன்றும் இல்லை. வாயிலின் திசைதான் அங்கே குறுகிய மடையாக இருந்தது.

அலையை முழுக்க அடைத்துவிட்டால் நீரோட்டமும் நின்றுவிடும் என்பது இதன் மறுபக்கம். மூலைகளில் நீர் தேங்கி, குப்பை சேர்ந்து, எண்ணெய்ப் படலம் மிதக்கும். படகுகளின் கழிவுநீரை உறிஞ்சியெடுக்கும் நிலையம் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, பெரிய படகு அதன் அருகில் வர முடியுமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பூட்டியே கிடக்கும் நிலையம் பட்டியலில் மட்டும் இருந்து பயனில்லை. எரிபொருள் நிரப்பும் இடம் வாயிலுக்கு அருகில், மற்ற படகுகளிலிருந்து விலகி இருப்பது நல்லது. ஒரு நீர்நிலையின் சிப்பியும் களையும் டிரெய்லரில் ஒட்டி இன்னொன்றுக்குப் போய்விடாமல் கழுவுவதற்குச் சாய்தளத்தின் மேலே ஓரிடம் தேவை.

மின்வசதியைப் பற்றி ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழுதான மின்கம்பியிலிருந்து நன்னீருக்குள் கசியும் மின்சாரம், அருகில் நீந்துபவரின் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூழ்கடித்துவிடும். உப்புநீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதே காரணம். ஏரி மெரினாக்களில் மின்கசிவுத் துண்டிப்பான்கள் உள்ளனவா என்பதும், மேடைகளுக்கு நடுவே நீந்தத் தடை உள்ளதா என்பதும் கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

அறிக்கையாக்குதல்

இவ்வளவும் சேர்ந்தபின், இருப்புக்கும் தேவைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒவ்வொரு வகைப் பயனாளருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்: டிரெய்லரில் வருபவர், நிலையாக நிறுத்தி வைப்பவர், ஓரிரவு தங்கிப் போகும் பயணப் படகினர், துடுப்புப் படகினர், படகே இல்லாமல் படகோட்டக் கற்க வருபவர். கடைசி வகையினரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கற்றுத்தரும் சங்கமொன்றின் பத்துப் படகுகள், ஆண்டில் சில நாள்களே நகரும் தனியார் படகுகள் பலவற்றைவிட அதிகமான பேரை நீருக்குக் கொண்டுசெல்லக்கூடும். படகுகளின் எண்ணிக்கையோடு ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதினால் முன்னுரிமை மாறிவிடுவது உண்டு.

தீர்வுகளைச் செலவு குறைந்ததிலிருந்து அடுக்குவது என் பரிந்துரை. வாகன நிறுத்தத்தில் கோடு போடுதல், ஆயத்த ஒதுக்கிடம் குறித்தல், காலியாகவே நிற்கும் நிறுத்திடங்களை மீள ஒதுக்குதல், சிறு விசைப்படகுகளை நீரிலிருந்து எடுத்து அடுக்குத் தட்டுகளில் கரையில் வைத்தல் ஆகியவற்றுக்குப் பிறகே தூர்வாருதலும், அதற்கும் பிறகே புதிய அலைதடுப்புச் சுவரும் வர வேண்டும். ஒவ்வொன்றின் எதிரேயும், அது எந்தக் குறுகிய இடத்தை அகலப்படுத்துகிறது என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியை எழுத முடியாத பரிந்துரையை நீக்கிவிடலாம். எண்ணிய நாள், மணி, நீர்மட்டம், வானிலை ஆகியவற்றையும் படிவத்தோடு இணைத்து வைக்க வேண்டும். கோடுகள் போட்டு இரண்டு பருவங்கள் கழிந்தபின் வேறொருவர் அதே வாசலில், அதே மாலை வேளையில் நின்று எண்ணும்போது, வரிசை குறைந்ததா இல்லையா என்பதை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் அவர் சொல்ல முடியும்.